பரவை மண்டபத்தில் தைத்த பட்டன்கள்

இப்படியெல்லாம் எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வேலை. எனக்கு இன்னும் ஒரு நரைமுடிகூட வரவில்லை. (இதை எழுதிவிட்டுச் சந்தேகம் வந்து கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். ஒன்று வந்திருக்கிறது.) இரண்டாவது பிரசவத்துக்காக வேலையை விடுகிறேன். நம் முதலாளி ஹரிராம் சார், "போறதுக்கு முன்னாடி புதுசா சேந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுத்துட்டுப் போம்மா" என்றார். நாலு வார்த்தையில் எதையும் சொல்ல எனக்கு வராது. உங்களுக்குப் பொறுமை இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பதவியின் பெயர் பெரிது. செய்வது ஒன்றுதான். நாம் தைக்கும் குழந்தை உடையின் பருத்தி எங்கே விளைந்தது, நூல் எங்கே நூற்றது, சாயம் எங்கே ஏறியது, யார் தைத்தார்கள் என்பதை வாங்குகிறவர் பார்க்கும்படி திறந்து வைப்பது. உடையின் கழுத்துக்குள் ஒரு துணுக்குத் துணி இருக்கிறதல்லவா, அதில் கியூஆர் கோடு. கடல் கடந்து ஏதோ ஒரு ஊரில், கைக்குழந்தையோடு கடையில் நிற்கும் ஒரு தாய் அதில் போனைக் காட்டினால், நம் அவனியாபுரம் தையல் கூடம் அவள் கையில் தெரியும். அந்த இணையப் பக்கத்தை எப்படித் தயார் செய்வது, படம் எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அதைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒரே ஒரு பட்டனைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது என் மகள் யாழினி தவழ்ந்துகொண்டிருந்தாள். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் தரை என்பது தட்டு மாதிரி. எது கிடந்தாலும் வாய்க்குப் போகும். நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை வீடு கூட்டினேன் என்று என் கணவரைக் கேட்டால் ஒரு பாட்டம் புலம்புவார்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய ஆர்டர் முடிகிற நிலையில் இருந்தது. ஜபலா; பின்பக்கம் பட்டன் வைத்த கைக்குழந்தைச் சட்டை. பிளாஸ்டிக் வேண்டாம் என்று தேங்காய்ச் சிரட்டையில் செய்த பட்டன் கேட்டிருந்தார்கள். சாம்பிளுக்குப் போக மீந்த ஒன்றை ஹரிராம் சார், "உன் பிள்ளைக்குப் போட்டுப் பாரும்மா" என்று கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, திருநகரில் எங்கள் வீட்டில், அதை யாழினிக்குப் போட்டுப் படம் எடுத்தேன். போனில் படம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்கிறேன், அவள் எதையோ மென்றுகொண்டிருக்கிறாள்.

விரலை விட்டு எடுத்தேன். சிரட்டைப் பட்டன். நல்லவேளை, கடிப்பதில்தான் ஆர்வமாக இருந்தாள், விழுங்குவதில் இல்லை. என்னிடமிருந்து அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று ஓங்கிக் கத்தினாள். நானும் கத்தினேன். என் கணவர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

"இயற்கையான பொருள்தான, நார்ச்சத்து" என்றார். நான் பார்த்த பார்வையில் கரண்டியோடு திரும்பிப் போய்விட்டார்.

பிள்ளை தூங்கியதும் அந்தச் சட்டையின் கியூஆர் கோடில் என் போனையே காட்டினேன். விருதுநகர் பக்கத்துப் பருத்திக் காடு வந்தது, நூல் ஆலை வந்தது, பிறகு நம் கூடம் வந்தது. வரிசையாகத் தையல் இயந்திரங்கள், சிரித்த முகங்கள். "இந்த உடையின் ஒவ்வொரு தையலும் இந்தக் கூரையின் கீழ்" என்று ஒரு வரி. அழகான வரி. ஆனால் இவ்வளவு மெல்லிய சிரட்டைப் பட்டனை இயந்திரத்தில் தைக்க முடியாது. ஊசி பட்டால் விரிசல் விடும். கையால்தான் தைக்க வேண்டும். நம் கூடத்தில் கையால் பட்டன் தைக்கிற யாரையும் நான் பார்த்ததே இல்லை. நான் சேர்ந்தபோதே அந்தப் பக்கம் தயாராகி இருந்தது. பட்டனெல்லாம் எங்கே தைக்கிறார்கள் என்று சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். "இந்தா, பக்கத்துலதாம்மா" என்று பதில் வந்தது.

உங்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான். "பக்கத்துல" என்று யாராவது சொன்னால், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். போய்ப் பாருங்கள். நம் ஊரில் பக்கத்துல என்பது அடுத்த வாசலாகவும் இருக்கும், வைகைக்கு அந்தப் பக்கமாகவும் இருக்கும்.

திங்கட்கிழமை சட்டையையும் பட்டனையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். திருநகர் பஸ் நிறுத்தத்தில் பூ விற்கிற அம்மாவிடம் எப்போதும் வாங்குவேன். அன்று பஸ் வர நேரமானது. நின்றபடியே சட்டையை எடுத்து, விழாமல் இருந்த இன்னொரு பட்டனின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு விநோதமாக இருந்தது. இரட்டை முடிச்சு இல்லை. ஒரு வளையம், அதற்குள் நூலை விட்டு இழுத்த மாதிரி. நிமிர்ந்தால் எதிரே பூக்கார அம்மாவின் விரல்கள். மல்லிகைக் காம்புகளைச் சேர்த்துப் பிடித்து, நூலை விரலில் சுற்றி ஒரு வளையம், ஒரு இழுப்பு. வளையம், இழுப்பு.

"இன்னும் ஒரு முழம் கட்டுங்கம்மா" என்றேன்.

"கட்டுனதே இம்புட்டு இருக்கே தாயி, அத எடுத்துக்க."

"இல்ல, நீங்க கட்டுறதப் பாக்கணும்."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கட்டினார். அதே கட்டுத்தான். பூவில் அது இறுகிப் பிடிக்கும், ஏனென்றால் உள்ளே காம்பு இருக்கிறது. காம்பு இல்லாமல் நூலில் மட்டும் அதைப் போட்டால், நுனியைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். பிள்ளைகள் நுனியைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். யாரோ பூக்கட்டிப் பழகிய கை, நம் ஜபலாவில் பட்டன் தைத்திருக்கிறது.

தலை நிறையப் பூவோடு ஹரிராம் சார் அறைக்குப் போய் நின்றேன். அவர் டீயை உறிஞ்சியபடி, "ஒரு பட்டன் வர்றதெல்லாம் சகஜம்மா. அம்பது வருசமா எங்க குடும்பம் துணியிலதான் கெடக்கு" என்றார். பேக்கிங் செய்யக் காத்திருந்த பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அவர் முன்னாலேயே பட்டன்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். வரவில்லை, வரவில்லை, வரவில்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வர ஆரம்பித்தது. அடுத்தது கையோடு வந்தது. அதற்கடுத்ததும். ஹரிராம் சார் டீயைக் கீழே வைத்தார்.

"பாண்டியக் கூப்பிடு" என்றார்.

பாண்டியண்ணன் நம் வேன் ஓட்டுநர். பட்டன் தைக்க எந்தத் துணிக்கட்டு எந்த வீட்டுக்குப் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பட்டனையும் சட்டையில் இருந்த கட்டு எண்ணையும் பார்த்துவிட்டு, "இது முத்துலட்சுமி வீட்டுக்குப் போன கட்டு சார். ஆனா அது கை இப்பிடி இருக்காது. அது தச்சா சட்டை கிழியும், பட்டன் வராது" என்றார்.

"எங்கண்ணே இருக்கு அவங்க வீடு?" என்று கேட்டேன்.

"இந்தா, பக்கத்துலதாம்மா."

இந்த முறை உண்மையிலேயே பக்கம்தான். இரண்டு தெரு தள்ளி. முத்துலட்சுமி அக்கா வாசலில் உட்கார்ந்து இரட்டைப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒன்று வாயைத் திறந்தால் மற்றது மூடிக்கொண்டது. நான் போய் நின்றதும் அவர் முகம் மாறியது. கம்பெனியிலிருந்து பேண்ட் சட்டையோ சுடிதாரோ போட்டு யார் வந்தாலும் நல்லதுக்கு இல்லை என்று நினைக்கிறவர்களின் முகம் அது. "யார் தைத்தது இது?" என்று கேட்கத்தான் வாய் திறந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அப்படிக் கேட்டால் பதில் வராது என்று தோன்றிவிட்டது.

"அக்கா, நேத்து எம் பொண்ணு இந்தப் பட்டனக் கடிச்சிட்டா" என்றேன்.

சோற்றுக் கிண்ணம் அப்படியே கீழே போனது. "ஆத்தாடி! முழுங்கிருச்சா?"

"இல்லக்கா. எடுத்துட்டேன்."

"நல்லாருக்காளா? என்ன வயசு?" பட்டனை வாங்கித் திருப்பினார், சட்டையை வாங்கி உள்பக்கம் பார்த்தார். "இது எங்க மதினி கட்டுல்ல!" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பாண்டியண்ணனைப் பார்த்தார்.

"சொல்லுத்தா, நம்ம பிள்ளைதான்" என்றார் அவர்.

நடந்தது இதுதான். முத்துலட்சுமி அக்காவின் மதினி மகனுக்குப் பரவையில் காதுகுத்து. பட்டன் கட்டை முடித்துக் கொடுக்க வேண்டிய நாளும் அதே நாள். விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? வேலையை விட முடியுமா? இரட்டைப் பிள்ளைகளை ஆளுக்கொரு பக்கம் இடுப்பில் வைத்து, சட்டை மூட்டையையும் பட்டன் பையையும் தலையில் வைத்து மண்டபத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தால், நம் ஆட்கள் விடுவார்களா?

"நான் கேக்கவே இல்ல தாயி. எங்க மதினி வந்துச்சு. என்னத்தா தனியா உக்காந்து தச்சுக்கிட்டு இருக்க, குடு, நாங்களும் சும்மாதான இருக்கோம்னு ரெண்டு வாங்குச்சு. அப்புறம் அது சம்பந்தகாரங்க வாங்குனாங்க. அப்புறம் கொழுந்தியாமாருக. வெங்காயம் உரிக்க உக்காந்தவங்க அம்புட்டுப் பேரும் வெங்காயத்த அந்தப் பக்கம் தள்ளிட்டு இங்கிட்டு வந்துட்டாய்ங்க. தாய்மாமன்கூட ரெண்டு பட்டன் தச்சாரு. காது குத்துற நேரம் வர்ற வரைக்கும் அவரு என்னதான் செய்வாரு, பாவம்."

"சமையல்காரரு?" என்றார் பாண்டியண்ணன்.

"அவரு ஒண்ணுதான் தச்சாரு. வெங்காயம் உரிக்க ஆளில்லையேன்னு கேக்க வந்தவரு."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. மதினிக்கு வீட்டில் பூக்கட்டுகிற தொழில். பூ மார்க்கெட்டில் இருந்து பூ வாங்கிவந்து கட்டிக் கொடுப்பவர். சுற்றி உட்கார்ந்த மற்றவர்கள் அவர் கையைப் பார்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். கடலுக்கு அப்பால் ஒரு தாய்க்கு "இந்தக் கூரையின் கீழ்" என்று நாம் காட்டிய கூரை, பரவையில் ஒரு மண்டபத்தின் கூரை. நிம்மதி வந்தது. எங்கே தவறு என்று தெரிந்துவிட்டது. இந்த ஆர்டர் முழுவதையும் பிரித்துத் தைத்துவிட்டால் போதும். அப்போதுதான் எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டேன்.

"அக்கா, இதுக்கு முன்னாடி போன ஆர்டர்ல ஒண்ணும் இப்பிடி நடக்கலயே?"

முத்துலட்சுமி அக்கா யோசித்தார். "அப்ப காதுகுத்து இல்ல. ஆனா எங்க கொழுந்தன் வீட்டுல கெடா வெட்டு இருந்துச்சு."

அந்த முந்தைய ஆர்டர் தூத்துக்குடியில் கப்பல் ஏறிப் போய்விட்டது. அந்தப் பெட்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான்: வாங்கும் கம்பெனியின் பெங்களூர் அலுவலகத்திலிருந்து மறுநாள் ஆய்வுக்கு வரப்போகிற ஷாலினி மேடம். அவரிடம் சொன்னால்தான் அந்தப் பெட்டிகள் நிற்கும். சொன்னால் பட்டன் வீடுகளுக்குப் போவதும் தெரிந்துவிடும். தங்களிடம் சொல்லாத இடத்தில் வேலை நடக்கக் கூடாது என்பது அவர்களுடைய முதல் விதி.

முத்துலட்சுமி அக்காவுக்கும் அது புரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன் அவர் மில்லில் வேலை பார்த்தவர். "இந்த வேல போச்சுன்னா நான் மறுபடி மில்லு வேன்ல ஏறணும் தாயி. இதுக ரெண்டையும் யாருகிட்ட விட?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது என்னைத்தான். நானும் ஒன்றை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள்தான்.

ஹரிராம் சாரிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், உங்களுக்கே தெரியும். இந்த ஆர்டர் முழுவதையும் பிரித்துத் தைக்க அந்த நிமிடமே ஒத்துக்கொண்டார். போன ஆர்டர் என்றதும் தயங்கினார்.

"அங்க அவங்களும் செக் பண்ணித்தான கடைக்கு அனுப்புவாங்க? நான் பொய் சொல்லச் சொல்லலம்மா. கேக்காததச் சொல்ல வேணாங்கிறேன்."

"சார், கேக்கறதுக்கு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம கியூஆர் பக்கத்துலதான் எல்லாத் தையலும் இந்தக் கூரைக்குக் கீழேன்னு போட்டிருக்கே."

"பட்டன் தைக்கிறது தையலாம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவருக்கே அது நன்றாக இல்லை என்று பட்டிருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாழினிக்குப் பருப்புச் சாதம் ஊட்டும்போது என் மனசு இரண்டு பக்கமும் ஓடியது. சொன்னால் முத்துலட்சுமி அக்காவின் வேலை போகும். அவர் போல இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள். சொல்லாவிட்டால் எங்கோ ஒரு பிள்ளை. என் பிள்ளை கடிக்கத்தான் செய்தாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படியா? ஒருவேளை நான்தான் பெரிதாக்குகிறேனோ? எனக்கு எதையும் பெரிதாக்கும் பழக்கம் உண்டு. என் கணவரிடம் கேட்டேன்.

"நீ சொல்லாம இருந்தா தூங்குவியா?" என்றார்.

"மாட்டேன்."

"சொன்னா?"

"அப்பவும் மாட்டேன்."

"அப்ப சொல்லிட்டே தூங்காம இரு."

மறுநாள் காலையில் ஷாலினி மேடம் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதையாகப் பேசிக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் பார்ப்பவர். ஹரிராம் சார் கூடத்தைச் சுற்றிக் காட்டினார். நான் பின்னால் போனேன். பேச வேண்டிய முதல் வாக்கியத்தை மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அதில் "வருந்துகிறோம்" என்ற சொல்லெல்லாம் இருந்தது. அவர் திரும்பி, "எல்லாம் நல்லாருக்குங்க. நீங்க ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டதும் அந்த வாக்கியம் எங்கோ ஓடிவிட்டது. பையிலிருந்து பட்டனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது எம் பொண்ணு வாயிலருந்து எடுத்தது மேடம். இந்தப் பட்டன் இந்தக் கூரைக்குக் கீழ தைச்சதில்ல. போன ஆர்டர்லயும் இப்பிடிப் போயிருக்கு. அந்தப் பெட்டிய நிறுத்தணும்."

அவ்வளவுதான் சொன்னேன். கூடத்தில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஹரிராம் சாரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர்தான் முன்னால் வந்தார்.

"இந்தப் பிள்ள நேத்தே சொல்லணும்னுச்சு மேடம். வேணாம்னது நான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரிடம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பார்த்தும் விட்டேன்.

ஷாலினி மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்கே தைச்சாங்களோ அங்கே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

இப்போது ஒரு சங்கடம். மேடம் வருவதைப் பாண்டியண்ணன் முன்கூட்டியே முத்துலட்சுமி அக்காவிடம் போனில் சொல்லிவிட்டார். நான் சொல்லப்போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அவர் நல்லெண்ணத்தில், "அம்புட்டையும் மறைச்சிரு" என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் போனபோது வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முத்துலட்சுமி அக்கா அரிசி டிரம்மின் மூடி மேல் உட்கார்ந்திருந்தார்.

"பட்டனா? நாங்க பட்டனே பாத்ததில்லீங்களே" என்றார், மேடம் கேட்பதற்கு முன்பாகவே.

அப்போது உள்ளேயிருந்து இரட்டையில் ஒன்று தவழ்ந்து வந்தது. உடம்பில் நம் ஜபலா. கழுத்தில் நம் சிரட்டைப் பட்டன்களைக் கோத்த மாலை. அதைத் துரத்திக்கொண்டு மற்றதும் வந்தது. அதன் கையில் நம் நூல்கண்டு.

ஷாலினி மேடம் குனிந்து பிள்ளையைத் தூக்கி, கழுத்து மாலையை இழுத்துப் பார்த்தார். ஒரு முடிச்சுகூட அசையவில்லை.

"இது யார் கோத்தாங்க?"

"நாந்தான்" என்றார் முத்துலட்சுமி அக்கா, தலையைக் குனிந்துகொண்டு.

"அக்கா, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன். "நீங்களும் சொல்லலாம்."

அவர் டிரம்மிலிருந்து எழுந்து மூடியைத் திறந்தார். அரிசிக்கு மேல் சட்டைகள். பிறகு காதுகுத்து முழுவதையும், மதினி, சம்பந்தகாரர்கள், தாய்மாமன், சமையல்காரர் என்று ஒருவரையும் விடாமல் சொன்னார். சமையல்காரர் வந்த இடத்தில் ஷாலினி மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

வாசலுக்குப் போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். "போன ஆர்டர் இன்னும் கிடங்குலதான் இருக்குதுங்க. கடைக்குப் போகலை. நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றார். நான் அந்த டிரம்மின் மூடியைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. "இன்னையிலருந்து வீட்டு வேலை நிக்கணுங்க. மேல பேசி முடிவு வர்ற வரைக்கும்."

முத்துலட்சுமி அக்கா தலையாட்டினார். நாங்கள் கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நல்லதுதான் செஞ்ச தாயி. எனக்குத்தான் நல்லதா இல்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். இன்றைக்கும் அது நினைவுக்கு வரும்போது வேறு ஏதாவது வழி இருந்ததோ என்று யோசிப்பேன். இருந்ததாகத் தெரியவில்லை. யோசிப்பதை நிறுத்தவும் தெரியவில்லை.

பிரித்துத் தைக்கும் வேலைக்கு அந்தப் பெண்கள் எல்லோரையும் நம் கூடத்துக்கே கூப்பிட்டோம். பிள்ளைகளோடு வந்தார்கள். இயந்திரம் ஓடும் இடத்தில் பிள்ளைகள் கூடாது என்பதால் ஹரிராம் சார் பேக்கிங் அறையை ஒழித்துக் கொடுத்தார். அங்கே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கின. யாழினியையும் அழைத்துப் போனேன். பரவை மதினியும் வந்தார். "என்னாலதான அம்புட்டும்" என்று சொல்லி, இரட்டை முடிச்சைக் கற்றுக்கொண்டு மற்றவர்களைவிட வேகமாகத் தைத்தார். அதை நான் தினமும் படம் பிடித்து, மூடிமறைக்காமல் ஷாலினி மேடத்துக்கு அனுப்பினேன். பிள்ளைகள் அழும் சத்தம் உட்பட.

மேலிடத்தில் அவர் என்ன பேசினார், எப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது. முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. அதுவரை அந்தப் பெண்கள் பேக்கிங் அறையில் தைத்தார்கள். கடைசியில் வீட்டிலும் தைக்கலாம் என்று வந்தது. ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்க்க வேண்டும், அந்த வீடும் பெயரும் அவர்கள் சம்மதத்தோடு இணையப் பக்கத்தில் தெரிய வேண்டும், வேறு கைக்குக் கட்டு மாறக் கூடாது. கை மாறவில்லை என்று எப்படித் தெரியும் என்று ஷாலினி மேடம் என்னைக் கேட்டார். நான் அந்தப் பெண்களைக் கேட்டேன். நீண்ட சச்சரவுக்குப் பிறகு, சட்டையின் உள்பக்கம் விழும் முடிச்சை மட்டும் அவரவருக்கு ஒரு நிற நூலில் போடுவது என்று முடிவானது. சச்சரவு யாருக்கு எந்த நிறம் என்பதில்தான். முத்துலட்சுமி அக்கா கிளிப்பச்சையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கூரையின் கீழ்" என்ற வரியை நான் எடுத்துவிட்டேன். இப்போது அங்கே போனைக் காட்டினால் வாசலில் உட்கார்ந்த முத்துலட்சுமி அக்கா தெரிவார். முதல்முறை அதைக் காட்டியபோது அவர் கேட்டது: "ரெட்டை ரெண்டும் தெரியுதா? ஒண்ணு மட்டும் தெரிஞ்சா மத்தது கோவிச்சுக்கும்."

சென்ற மாதம் அந்த இரட்டைக்குக் காதுகுத்து. முதல் பத்திரிகையை முத்துலட்சுமி அக்கா சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. கம்பெனிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "அன்னைக்குக் கட்டு அனுப்பாதீங்க. அதுக்கும் சேத்துத்தான் பத்திரிக" என்றார். அவனியாபுரத்திலேயே மண்டபம். ஹரிராம் சார் வேட்டியில் வந்திருந்தார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பரவை மதினி என்னைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரிப்போடு, "எங்கத்தா சட்டை மூட்டை? கையி சும்மா இருக்கே!" என்றார்.

"பட்டனுக்கு இன்னைக்கு லீவு" என்று முத்துலட்சுமி அக்கா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "போயி வெங்காயம் உரிங்க!"

இரட்டையின் தாய்மாமன் மடியில் முதல் பிள்ளையை உட்காரவைத்தார்கள். இரண்டுக்கும் அளவுக்குப் பெரிதாகத் தைத்த ஜபலா, உள்பக்கம் கிளிப்பச்சை முடிச்சு. ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்தார். தாய்மாமன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிள்ளையின் முதுகுப் பக்கம் கையை விட்டுப் பட்டனைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"வரல. இப்பக் குத்துங்க" என்றார்.

மண்டபமே சிரித்தது, பிள்ளை மட்டும் அழுதது. அதன் பிறகு திருநீறு பூச வந்தவர்கள் எல்லோரும், வரிசையில் நின்று, நெற்றியில் பூசுவதற்கு முன் பட்டனை இழுத்துப் பார்த்தார்கள். ஹரிராம் சாரும் இழுத்தார். என் முறை வந்தபோது நானும் இழுத்துப் பார்த்தேன். ஒருமுறை போதாதென்று இன்னொரு முறையும்.